செம்பி ஏன் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுகிறாள்?

கேள்வி: பன்னிரண்டு நாளைக்கு முன்பு ஒரு காப்பகத்திலிருந்து நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுத்தோம். பெண் நாய். இரண்டு வயது இருக்கும், எடை 14 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. செம்பி என்று பெயர் வைத்திருக்கிறோம். எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு வைத்தால் கிட்டவே வருவதில்லை. வந்தாலும் ஒரு வாய் கவ்விக்கொண்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஓடி, தரையில் போட்டுத் தின்கிறாள். பகலில் எதையும் தொடுவதில்லை. நாங்கள் விளக்கை அணைத்துப் படுத்த பிறகு எல்லாவற்றையும் காலி செய்துவிடுகிறாள். இட்லி கொடுத்தால் ரோஜாத் தொட்டியில் புதைக்கிறாள். நேற்று சாப்பிடும்போது என் ஆறு வயது மகள் பக்கத்தில் போக, உறுமினாள். நாய்க்குச் சோறே போடக்கூடாது, கறி மட்டும்தான் என்கிறார் என் தம்பி. என்ன செய்வது? அப்புறம், தொட்டி மண்ணையும் அடிக்கடி நக்கித் தின்கிறாள்.
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதிய கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா. மற்றதையெல்லாம் பொறுமையாகச் சரிசெய்யலாம். மண் தின்பதை மட்டும் இந்த வாரமே பார்த்துவிட வேண்டும்.

தெருவில் வளர்ந்த நாய் மண் தின்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ரத்தசோகை. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சலும் நம் ஊரில் சாதாரணம். அதிலும் ரத்தம் குறையும். இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். செம்பி அமைதியாகப் படுத்திருக்கும்போது மேலுதட்டை மெதுவாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும். அப்படியானால் கீழ் இமையைச் சற்று இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். வாயைத் தொடவிடாமல் உறுமினால் கட்டாயப்படுத்தாதீர்கள், மருத்துவர் பார்த்துக்கொள்வார். இமையோ ஈறோ வெளிறித் தெரிந்தாலும், மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம். நிறம் நன்றாக இருந்தாலும்கூட மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

காப்பகத்தில் பூச்சி மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஒரு தடவை கொடுத்ததோடு விட முடியாது. உடம்புக்குள் இருக்கும் இளம்புழுக்கள் பிறகு வளர்ந்து குடலுக்கு வரும் என்பதால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மண்ணில் கிடந்து மனிதத் தோலிலும் புகும். அதனால் மகள் தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். செம்பியின் மலத்தையும் அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

இனி கிண்ணம். உங்கள் கடிதத்தில் என் மனதைத் தொட்டது இதுதான். செம்பி இதுவரை எதில் சாப்பிட்டிருப்பாள்? தரையில், பேப்பரில், எச்சில் இலையில். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இலை விழும் இடத்தில் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். கிடைத்ததைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றும் ஒரு மூலைக்கு ஓடும். அங்கேயே நின்று தின்றால் பெரிய நாய் பிடுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் யாராவது கல்லெடுப்பார்கள். இரண்டு வருஷம் அவளை உயிரோடு வைத்திருந்த பழக்கம் பன்னிரண்டு நாளில் போகாது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மூன்று பக்கமும் மறைவு. முதுகுப் பக்கம் யாரும் வர முடியாது. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அங்கேதான் போவேன்.

எவர்சில்வரில் இன்னொரு சங்கடமும் உண்டு. என்னிடம் வந்த ஒரு நாய் நான்கு நாளாகக் கிண்ணத்தைப் பார்த்தாலே பின்வாங்கியது. பசியில் வாயைக் கொண்டுபோகும், சட்டென்று துள்ளி விலகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புரிந்தது: குனியும்போதெல்லாம் கழுத்துப்பட்டையில் தொங்கிய மணி கிண்ண விளிம்பில் 'ணங்' என்று மோதியது. மணியைக் கழற்றினோம், சோற்றை வாழையிலையில் வைத்தோம். அன்றைக்கே வயிறாரச் சாப்பிட்டது.

நீங்களும் அதையே செய்யுங்கள். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் இலையோ தட்டையான பீங்கான் தட்டோ வையுங்கள். வயர் மட்டும் அவளுக்கு எட்டாமல் இருக்கட்டும். வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். எட்டி எட்டிப் பார்ப்பது, "சாப்பிடு செல்லம்" என்று கெஞ்சுவது இரண்டும் வேண்டாம். நாலைந்து நாள் அங்கேயே நிம்மதியாகச் சாப்பிட்டால், தட்டை நாளுக்கு ஒரு சாண் வெளியே நகர்த்தலாம். தயங்கினாள் என்றால் முந்தின இடத்துக்கே திரும்பி வந்துவிடுங்கள்.

இருபது நிமிஷத்தில் சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிடு, பசித்தால் தானாக வரும் என்று உங்களுக்குப் பலர் சொல்வார்கள். வீட்டில் ஊறிய, அடம் பிடிக்கும் நாய்க்கு அது சரி. பயந்துபோய் வந்திருக்கும் நாயிடம் முதல் மாதத்தில் அப்படிச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தெரு அடங்கிய பிறகு சாப்பிட்டே பழகியவள் அவள். இப்போதைக்கு இரவு உணவையே முக்கிய வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். பழகப் பழக அரை மணி நேரம் அரை மணி நேரமாக முன்னால் கொண்டுவரலாம். பகலில் வைப்பது கெட்டுப்போவதற்குள் எடுத்துவிடுங்கள். ஆனால் இரவிலும் சேர்த்து ஒரு முழு நாள் எதையுமே தொடாவிட்டால் அதைப் பயம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் தம்பி சொல்வதற்கு வருகிறேன். நாய் ஓநாய் வம்சம், அதனால் கறிதான் என்பது பாதி உண்மை. 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான். நாய்களுக்கு நாலிலிருந்து முப்பது வரை இருந்தன. மனிதன் போட்ட சோற்றோடு சேர்ந்தே மாறிவந்த பிராணி இது. குழைய வெந்த சோறு செம்பிக்கு ஒத்துக்கொள்ளும். சோறு மட்டுமே போடுவதுதான் தவறு.

கருத்தடை ஆன 14 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 800 கலோரி போதும். வெந்த சோறு 300 கிராம், எலும்பில்லாத வேகவைத்த கோழி 200 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று என்று கணக்கு வைத்து இரண்டு வேளையாகப் பிரியுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமல், தடவினால் விரலுக்குத் தட்டுப்பட்டால் எடை சரி. இதையே மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் போதாது. பரிசோதனைக்குப் போகும்போதே என்ன சேர்ப்பது, எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மீந்த சாம்பார் சாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. ரத்தசோகை இருக்குமோ என்று சந்தேகப்படும் நாய்க்கு அது இரட்டை ஆபத்து. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட்டும் ஆகாது.

உறுமலுக்கு வருவோம். செம்பி உறுமியதற்கு அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். "கிட்டே வராதே" என்று அவள் வாய்விட்டுச் சொல்வது அது ஒன்றால்தான். உறுமக் கூடாது என்று பயமுறுத்திப் பழக்கினால் அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிப்பாள். அவள் சாப்பிடும்போது மகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, கதவைச் சாத்திவிடுங்கள். வீட்டில் யார் யஜமான் என்று காட்டுவதற்காகத் தட்டில் கைவிட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது பறிகொடுக்கும் பயத்தைத்தான் வளர்க்கும்.

பெரியவர்கள் இப்படிச் செய்யலாம்: அவள் தின்னும்போது ஏழெட்டு அடி தள்ளி நடந்து போங்கள். போகும்போதே ஒரு கோழித் துண்டைத் தட்டுப் பக்கமாகப் போட்டுவிட்டு நிற்காமல் சென்றுவிடுங்கள். மனிதர் வந்தால் சோறு குறையாது, கூடும் என்று சில வாரத்தில் அவளுக்குப் பிடிபடும். தின்பதை நிறுத்தி உடம்பை விறைத்தாலோ, ஓரக்கண்ணால் பார்த்தாலோ நீங்கள் கிட்டத்தில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒருவேளை யாரையாவது கடித்துவிட்டால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செம்பிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டதற்கான அட்டையைக் காப்பகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் இட்லி புதைப்பது நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில்தான். ஒரு தடவைக்கு அரை இட்லி மட்டும் கொடுத்துப் பாருங்கள், மிச்சம் பிடிக்க இருக்காது. புதைத்ததை எறும்பு வருவதற்குள் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் கண்ணெதிரே தோண்டாதீர்கள். அவள் தூங்கிய பிறகு எடுத்துவிட்டு மண்ணை மூடி, பரிசோதனை முடியும்வரை தொட்டியைத் திண்ணைமேல் தூக்கி வைத்துவிடுங்கள்.