ஆட்டிக் படித்தவருக்கு ஹோமர் ஏன் இடறுகிறார்

ஒரு வருஷம் கிரேக்க இலக்கணம் படித்தும் ஹோமரின் இலியட் காவியத்தில் முதல் பக்கத்திலேயே பாதி வினைச்சொல் பிடிபடவில்லை, பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். நீங்கள் படித்தது ஆட்டிக், அதாவது பிளேட்டோ காலத்து ஏதென்ஸின் கிரேக்க வழக்கு. ஹோமருடையது அயோனியம், ஏயோலியம் என்ற வேறு இரண்டு கிரேக்க வழக்குகள் கலந்த பழைய பாட்டுமொழி. வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

முதலில் அந்த ‘எ’. இறந்தகால வினைச்சொல்லின் முன்னால் கட்டாயம் ஒட்டி வரும் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஹோமரில் அது வரலாம், வராமலும் போகலாம். இலியட்டின் நான்காம் அடியில் ‘எதெயூகெ’வை (‘ஆக்கியது’) எதிர்பார்த்தால் வெறும் ‘தெயூகெ’ நிற்கும். அதே மாதிரி, ஆட்டிக்கில் பெயருக்கு முன் ஆங்கில ‘the’ போல வரும் ‘ஹோ, ஹே, தோ’ இங்கே பெரும்பாலும் ‘அவன், அவள், அது’தான். ஆறாம் வேற்றுமை விகுதியான ‘ஊ’ பல இடங்களில் ‘ஒயோ’ ஆகிவிடும். எனக்கு இந்த மூன்றும் பிடிபட்டதும் மூச்சு வந்தது.

பொது அகராதியைப் புரட்டி நேரத்தை வீணாக்காமல், ஹோமருக்கென்றே கன்லிஃப் தொகுத்த 1924 அகராதியை நூலகத்தில் கேளுங்கள். முதல் காண்டம் 611 அடி. தினம் பத்து அடி, கட்டாயம் வாய்விட்டு. அடைமொழிகள் திரும்பத் திரும்ப வருவதால் இருநூறு அடி தாண்டியதும் அகராதியைத் தேடுவது தானாகக் குறையும்.