நள்ளிரவைத் தாண்டிய ஆட்டம்: கேள்வி-பதில்

2021 டிசம்பர் 3 அன்று துபாயில் அப்போதைய உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனும் அவரை எதிர்த்து வந்த இயான் நெப்போம்னியாச்சியும் (சுருக்கமாக நெப்போ) ஆடிய உலக செஸ் சாம்பியன்ஷிப் ஆறாவது ஆட்டத்தை, விஸ்வநாதன் ஆனந்தும் உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் அன்னா முசிச்சுக்கும் செய்த வர்ணனையோடு ஒருமுறையாவது பாருங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். செஸ் பற்றி இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

நீங்கள் சொன்னதால் மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்த்தேன். காய் எப்படி நகரும் என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வர்ணனையில் பாதி புரியவில்லை, ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை. இதை ரசனை என்று சொல்லலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

தாராளமாகச் சொல்லலாம். கச்சேரியில் ராகத்தின் பெயர் தெரியாமல் தலையாட்டுகிறவர்களை யாரும் எழுந்து போகச் சொல்வதில்லையே. ஆனால் உங்களுக்குப் புரிந்தது பாதிதான் என்பதை நான் நம்பவில்லை, அதை விட அதிகமாகவே புரிந்திருக்கும்.

26-வது நகர்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ல்சன் தன் ராணியைக் கொடுத்து நெப்போவின் இரண்டு யானைகளையும் எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ராணிக்கு ஒன்பது, யானைக்கு ஐந்து என்று சொல்லிக்கொடுப்பார்கள், அந்தக் கணக்கில் ஒன்பதைக் கொடுத்து பத்தை வாங்கியிருக்கிறார், சரி. அதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? அங்கேதான் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதன் அருமை தெரியும். அந்த நிமிடம் முதல் பலகையில் இரண்டு வேறு வேறு பிராணிகள் மோதுகின்றன. ராணி ஒற்றை ஆளாக எங்கும் பாயும், செக் வைத்து அலைக்கழிக்கும். யானைகள் மெதுவானவை, ஒன்றுக்கொன்று காவலாக நின்றால் அவற்றை அசைக்க முடியாது, பிரிந்துவிட்டால் ராணி ஒவ்வொன்றாகப் பிடித்துவிடும். இதை ஒருதரம் மனதில் வாங்கிக்கொண்டால் போதும், அடுத்த நூற்றுப்பத்து நகர்த்தல்களுக்கும் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கடிகாரம். அந்தப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 120 நிமிடம், அடுத்த 20-க்கு 60 நிமிடம். நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல் நேரம் என்பது 61-லிருந்துதான். ஆகவே முப்பதிலிருந்து நாற்பது வரைக்கும் இருவருமே மூச்சு வாங்க நேரமில்லாமல் ஆடினார்கள், ஆளுக்கொரு பக்கம் நல்ல வாய்ப்புகளைத் தவறவிட்டார்கள். இந்த இடத்தில் கத்துகிற வர்ணனையாளர் எனக்குப் பிடிக்காது. ஒரு நிமிடத்தில் மனிதக் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொல்கிறவர் வேண்டும். அது அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து வியர்த்தவரால்தான் முடியும்.

இன்னும் ஒரே ஒரு இடம் சொல்கிறேன், பலகை இருந்தால் அடுக்கிப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை, இரண்டையும் கார்ல்சன் பக்கமிருந்து எண்ண வேண்டும்). 52-வது நகர்த்தல். நெப்போவின் ஏ வரிசைச் சிப்பாய் ஏ3 வரை வந்துவிட்டது, இன்னும் இரண்டு கட்டம் போனால் ராணியாகிவிடும். அதை மறிக்கவே கார்ல்சனின் இரண்டு யானைகளும் ஏ1, ஏ2 கட்டங்களில் கட்டுண்டு நிற்கின்றன. அந்த நேரத்தில் நெப்போ ராணியை ஈ4-க்குக் கொண்டுபோனார். உடனே கார்ல்சன் யானையால் ஏ3 சிப்பாயை வெட்டினார். நெப்போவின் மந்திரி அந்த யானையை வெட்டினால் பின்னால் நிற்கும் இன்னொரு யானை மந்திரியை வெட்டிவிடும். அதனால் நெப்போ பதிலுக்கு ஹெச்4 சிப்பாயை ராணியால் வெட்டி செக் வைத்தார். பார்க்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும், பக்கத்திலேயே ஜி3-ல் சிப்பாய் நிற்கிறதே, அது ராணியை வெட்டக் கூடாதா என்று. முடியாது, டி6-ல் இருக்கும் மந்திரியின் பார்வை ஜி3 வழியாக நேராக ஹெச்2-ல் நிற்கும் ராஜா மேல் விழுகிறது, சிப்பாய் நகர்ந்தால் ராஜா மாட்டிக்கொள்வார். ராஜா ஜி1-க்கு ஒதுங்கினார், அவ்வளவுதான். ஆளுக்கொரு சிப்பாய் போனது, கணக்கு சமம். ஆனால் நெப்போவிடம் இருந்த ஒரே மிரட்டல் போய்விட்டது. இனி கார்ல்சன் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அமுக்கிக்கொண்டே இருக்கலாம், பெரிதாக ஆபத்தில்லை. ஆட்டம் திரும்பிய இடம் இதுதான் என்பது என் கருத்து. ஒருவர் விளக்காவிட்டால் இதை நான் சிப்பாய்க்குச் சிப்பாய் என்று தாண்டிப் போயிருப்பேன்.

திரை ஓரத்தில் ஒரு பட்டை ஏறி இறங்கி யார் முன்னிலையில் இருக்கிறார் என்று காட்டிவிடுகிறது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்ட பிறகு வர்ணனையாளர் எதற்கு?
(வாசகர், மதுரை)

அந்தப் பட்டையை ஒரு அட்டை வைத்து மறைத்துவிட்டுப் பாருங்கள் ஐயா, நான் அப்படித்தான் பார்க்கிறேன். பட்டை விடையை மட்டும் சொல்லும், அந்த விடைக்கு எப்படி வந்து சேருவது, வந்து சேர முடியுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இதே ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். 115-வது நகர்த்தலோடு பலகையில் மிஞ்சியது ஏழே காய்கள்: கார்ல்சனிடம் ராஜா, யானை, குதிரை, இரண்டு சிப்பாய், நெப்போவிடம் ராஜாவும் ராணியும். ஏழு காய் வரைக்கும் எல்லா நிலைகளுக்கும் முழு விடையும் கண்டுபிடித்துச் சேமித்து வைத்திருக்கிறார்கள், டேபிள்பேஸ் என்று பெயர். அது அங்கே டிரா என்கிறது. 130-வது நகர்த்தலில் நெப்போ ராணியை ஈ6-க்கு வைக்கும் வரை டிரா, வைத்த அந்தக் கணத்தில் தோல்வி. பட்டையை மட்டும் பார்த்தவர் என்ன நினைப்பார்? 'அடடா, கோட்டை விட்டுட்டான்' என்பார். ஆனால் ஏழு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து, நகர்த்தலுக்கு அரை நிமிடம் என்று ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்கு, ராணியை ஈ6-ல் சிப்பாய்களுக்கு முன்னால் நிறுத்தி வழிமறிப்பது எவ்வளவு இயல்பாகத் தோன்றும்! சரியான விடை ராணியைத் தூர வைத்துப் பின்னாலிருந்து செக் வைப்பது. கிராண்ட்மாஸ்டர்களுக்கே கை கூசும் நகர்த்தல் அது. தவறு என்று சொல்லப் பட்டை போதும். அந்தத் தவறு எந்த அளவுக்கு மன்னிக்கத்தக்கது என்று சொல்ல, அந்த மாதிரி தவறுகளைச் செய்த ஒருவர் வேண்டும்.

கிரிக்கெட்டில் ஸ்கோர்போர்டு இருக்கும்போதே ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டவர்கள்தானே நாம்.

ஆனந்தைத் தோற்கடித்துப் பட்டத்தைப் பறித்தவர் கார்ல்சன். அவரது ஆட்டத்துக்கே ஆனந்த் வர்ணனை செய்வது அவருக்குச் சங்கடமாக இருக்காதா?
(வாசகி, கோயம்புத்தூர்)

அவர் மனதில் இருந்தது அவருக்குத்தான் தெரியும். கேட்கிற நமக்கு அதனால் லாபம் என்று மட்டும் சொல்வேன். 2013-ல் சென்னையில், அடுத்த வருடம் சோச்சியில், இரண்டு முறை கார்ல்சனின் எதிரே உட்கார்ந்தவர் ஆனந்த். ஒன்றுமில்லாத நிலையை மணிக்கணக்காக அமுக்கி எதிராளியைக் களைக்க வைக்கிற அந்த ஆட்ட முறையை வாங்கிக் கட்டிக்கொண்டவர். துபாயில் நெப்போவுக்கு அந்த இரவு நடந்தது என்னவென்று அறையில் இருந்த வேறு யாரையும் விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

சோச்சியில் நடந்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். அதுவும் ஆறாவது ஆட்டம்தான். 26-வது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார், பெரிய பிழை. ஆனந்த் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால், கார்ல்சன் பதிலுக்கு யானையை எடுத்தாலும், அதே குதிரை அடுத்து சி4 சிப்பாயைச் செக்கோடு வெட்டும், கடைசியில் யானையும் திரும்பக் கிடைத்து இரண்டு சிப்பாய் மிச்சம். ஆனந்த் அதைப் பார்க்கவில்லை, ஏ வரிசைச் சிப்பாயைத் தள்ளிவிட்டார், ஆட்டமும் போனது. கார்ல்சன் பிழை செய்வார் என்று எதிர்பார்க்காததால் பிழை கண்ணில் படவில்லை, அதுதான் அதன் கொடுமை. ஐந்து முறை உலக சாம்பியனான ஒருவர் இதையும் அனுபவித்துவிட்டு வந்து மைக் முன்னால் உட்காரும்போது, 'இது சுலபமான நகர்த்தல்' என்று அவர் சொன்னாலும் 'இது கஷ்டம்' என்று சொன்னாலும் அந்த வார்த்தைக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

ஒரே குறை, ஆனந்தின் பேச்சு வேகம். ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து நகர்த்தல்கள் ஓடிவிடும். பக்கத்தில் அன்னா முசிச்சுக் போன்ற இன்னொரு வலுவான ஆட்டக்காரர் இருப்பது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரியும். இரண்டு பேர் சேர்ந்து யோசிக்கும்போது யோசனை சத்தமாக வெளியே வரும், நாமும் கூடவே போகலாம்.

எப்போது பார்த்தாலும் டிராதானே? இதில் என்ன பதற்றம்?
(வாசகர், நெல்லை)

அந்த ஆட்டத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னது முழு உண்மை. உலக சாம்பியன்ஷிப்பில் நீண்ட நேர ஆட்டங்களில் தொடர்ந்து 19 டிரா. 2016-ல் நியூயார்க்கில் கடைசி இரண்டு, 2018-ல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய பன்னிரண்டும், துபாயில் முதல் ஐந்தும். ஐந்து வருடமாக ஒரு வெற்றி இல்லை. பதற்றம் அதனால்தான் ஏறியது, முதலில் வழுக்கி விழுவது யார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். விழுந்த பிறகு என்ன ஆனது பாருங்கள்: 8, 9, 11 ஆகிய ஆட்டங்களையும் நெப்போ தோற்று, போட்டி 7.5-3.5 என்று முடிந்தது.

எனக்கு 61 வயது. பேரன் ஆடுவதைப் பார்த்துத்தான் ஆர்வம் வந்தது. வர்ணனை கேட்டுப் பழக எங்கிருந்து தொடங்கலாம்?
(வாசகர், காரைக்குடி)

நிஜப் பலகை ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், திரையில் மட்டும் பார்த்தால் கை சும்மா இருக்கும், மனமும் சும்மா இருந்துவிடும். வர்ணனையாளர் அடுத்த நகர்த்தலைச் சொல்லும் முன் நிறுத்தி, பேரனும் நீங்களும் ஆளுக்கொன்று சொல்லுங்கள். அப்புறம் ஓடவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் நகர்த்தலையும் அவர் எடுத்து, ஏன் கூடாது என்று காட்டுவார், அந்த ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வது நிறைய. முழு ஆட்டமும் வேண்டாம், 20-லிருந்து 40 வரை போதும். தொடக்க நகர்த்தல்களுக்கு ஏகப்பட்ட பெயர்கள் சொல்வார்கள், அதை இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் செக்மேட் ஆகவே இல்லையே, நெப்போ ஏன் ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்?
(வாசகி, திருச்சி)

136-வது நகர்த்தல், கார்ல்சனின் குதிரை ஹெச்5-லிருந்து ஜி7-க்குப் போனது. அந்தக் குதிரை எதையெல்லாம் காக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஈ6-ல் ஒரு சிப்பாய், எஃப்5-ல் இன்னொன்று, இரண்டுக்கும் அதுவே காவல். அது போக ஈ8 கட்டமும் அதன் பிடியில். எஃப்7-ல் யானை ஏழாம் வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நெப்போவின் ராஜா டி8-ல். ஈ சிப்பாய் ஒரு அடி வைத்தால் செக், அதற்கு அடுத்து ராணியாகப் போகிற கட்டமும் குதிரையின் கையில். நெப்போவின் ராணி சில செக்குகள் வைக்கலாம், ஆனால் ஓயாமல் வைத்துக்கொண்டே இருக்க முடியாது, கார்ல்சனின் ராஜா தன் காய்களுக்குள் ஒதுங்கிக்கொள்வார். ராஜாவை விட்டால் நாலே நாலு காய், ஒன்றுகூட வீணாக நிற்கவில்லை.

உலக சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் இது. அதற்கு முன் 1978-ல் பாகியோவில் கோர்ச்நாயும் கார்போவும் ஆடிய 124 நகர்த்தல்கள்தான் அதிகம், அது டிராவில் முடிந்தது. துபாயில் மாலை நாலரைக்குத் தொடங்கிய ஆட்டம் முடியும்போது அங்கே நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரம், நமக்கு ஒன்றே முக்கால். வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள். குதிரை ஜி7-ல் உட்கார்ந்ததும் நான் சத்தம் போட்டுவிட்டேன், அடுத்த அறையில் விளக்கு எரிந்தது.