பழைய டாலர் நோட்டுகளில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: ஓஹாயோவில் வசிக்கிறேன். இறந்தவரின் வீட்டுப் பொருள்களை விற்கும் எஸ்டேட் சேல் ஒன்றில் 900 டாலருக்குப் பழைய நோட்டுகள் கொண்ட ஓர் ஆல்பம் வாங்கினேன். நீல முத்திரையுள்ள 1957ஆம் ஆண்டு ஒரு டாலர் நோட்டுகள் சில, கழுகுப் படமிட்ட 1899ஆம் ஆண்டு ஒரு டாலர் நோட்டு, இங்குள்ள சிற்றூர் வங்கியொன்றின் பெயர் அச்சிட்ட 1929ஆம் ஆண்டு 20 டாலர் நோட்டு, 1840 என்று தேதியிட்ட 1000 டாலர் நோட்டு ஆகியவை அதில் உள்ளன. இவற்றின் மதிப்பை எப்படி அறிவது? ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து மேலும் 20,000 டாலரை இதில் முதலீடு செய்யலாமா?

பதில்: முதலில் அந்த 1000 டாலர் நோட்டின் எண்ணைப் பாருங்கள். 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற பெயரும் 8894 என்ற எண்ணும் இருந்தால், அது மொரமொரப்பான தாளில் பெருமளவில் அச்சிடப்பட்ட நினைவுப்பொருள் நகல். அதற்குப் பண மதிப்பு ஏதும் இல்லை. நீல முத்திரையுள்ள உங்கள் 1957ஆம் ஆண்டு நோட்டுகள், வெள்ளிக்கு ஈடாக அரசு வெளியிட்ட வெள்ளிச் சான்று நோட்டுகள்; அவை மிகுதியாகக் கிடைப்பவை. புழங்கித் தேய்ந்திருந்தால் முகமதிப்பைவிடச் சற்றே கூடுதலாகப் பெறும். கழுகு நோட்டை விரும்பி வாங்குவோர் பலர் உண்டு, ஆனால் அதன் விலையைத் தாளின் நிலையே தீர்மானிக்கிறது.

நீங்கள் கவனமாக ஆராய வேண்டியது 1929ஆம் ஆண்டு நோட்டைத்தான். 1863 முதல் 1935 வரை அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான உள்ளூர் வங்கிகள், அரசு வழங்கிய பட்டய எண்ணுடன் (வங்கி உரிம எண்) தம் பெயரில் தேசிய வங்கி நோட்டுகளை வெளியிட்டன. பெருநகர வங்கியின் நோட்டு இன்றும் எளிதாகக் கிடைக்கும். சிறிய ஊரின் வங்கியுடையது என்றால், அந்த வங்கியின் நோட்டுகளில் இன்று எஞ்சியிருப்பவை எத்தனை என்பதைப் பொறுத்து விலை பலமடங்கு மாறும். ஆகவே பட்டய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏல நிறுவனங்கள் பதிந்து வைத்துள்ள முடிந்த ஏலங்களின் விலைகளோடு ஒப்பிடுங்கள். தேறும் என்று தோன்றினால், 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிட்டுச் சான்றளிக்கும் பிஎம்ஜி போன்ற நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதற்கு முன் நோட்டைக் கழுவவோ, இஸ்திரி போடவோ, கிழிசலை ஒட்டவோ வேண்டாம்; அத்தகைய வேலை கண்டுபிடிக்கப்படும், மதிப்பும் குறையும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. 1890ஆம் ஆண்டின் 1000 டாலர் கருவூல நோட்டு ஒன்று 2014இல் 32.9 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மைதான். ஆனால் அந்த வகையில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, உங்கள் 20,000 டாலர் வாங்கித் தரும் நோட்டுகள் அப்படிப்பட்டவை அல்ல. நோட்டு வட்டியோ ஈவுத்தொகையோ தராது. வெளியிடப்படும் ஏல விலையில் வாங்குபவர் செலுத்தும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அது ஏறக்குறைய 20 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்பதால், விற்பவரின் கைக்கு வருவது அந்தத் தொகையைவிடக் குறைவு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றாலும், பழம்பொருள் சேகரிப்பின் லாபத்துக்கு அமெரிக்க மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கு அந்த உச்சவரம்பு 20 சதவீதம்தான்.

கையில் இருப்பதை மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையிலிட்டு, புகைப்படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு வைத்திருங்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு பண நோட்டுகளுக்குச் சில நூறு டாலருக்கு மேல் ஈடு தருவதில்லை. எனவே 1929ஆம் ஆண்டு நோட்டு அரியது என்று உறுதியானால் அதற்குத் தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.