பாறையில் இறங்கும் படிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 62. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் அங்குள்ள சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் வழிகாட்டியுடன் நான்கு நாட்களில் நடந்து பார்க்கும் பயணத்துக்கு எங்கள் இருவர் பெயரையும் பதிவு செய்திருக்கிறான். தனியாகச் செல்வதே பயணம் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். வழிகாட்டியின் பின்னால் கூட்டமாகப் போய் இடத்துக்கு ஒரு நாள் என்று பார்ப்பது வீண்தானா?

ந.

அன்புள்ள ந. அவர்களுக்கு,

நான் அப்படி எழுதியது ஊர்களைப் பற்றி. வழி தவறினால் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்ற இடங்களுக்கே அது பொருந்தும். பாலைநிலப் பள்ளத்தாக்கில் வழிகாட்டியின் முதல் வேலை தண்ணீரைக் கவனிப்பது. சயானின் நாரோஸ் பகுதியில் வர்ஜின் ஆறுதான் பாதை. 300 மீட்டர் வரை உயரும் மணற்கல் சுவர்களுக்கு நடுவே நீரில் நடக்க வேண்டும். தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே, பல கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை, உறிஞ்ச மண்ணில்லாத பாறையில் வழிந்து காட்டாறாகப் பாய்ந்து வந்துவிடும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் பயணிகள் 11 பேர் அப்படித்தான் உயிரிழந்தனர். நான் நாரோஸில் நடந்தபோது, நீர் சற்றே கலங்கிச் சுள்ளிகள் மிதந்து வரக் கண்ட வழிகாட்டிப் பெண், பாதி வழியில் எங்களைத் திருப்பி அழைத்து வந்துவிட்டார். அன்று வெள்ளம் வரவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான்கு நாட்கள் குறைவு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இம்மூன்றும் தனித்தனி இடங்கள் அல்ல. பிரைஸின் அடிப்பாறையே சயானின் மேற்பாறை, சயானின் அடிப்பாறையே கிராண்ட் கேன்யனின் விளிம்பு என்று அமைந்த இந்நிலத்தை நிலவியலாளர்கள் பெரும் படிக்கட்டு என்பார்கள். பிரைஸில் தூண்தூணாக நிற்கும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியடியில் படிந்தது. சயானின் சுவர்கள் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் மணற்குன்றுகளாக இருந்தவை. கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நீங்கள் நிற்கப்போகும் பாறை 27 கோடி ஆண்டுப் பழமை கொண்ட கடலடி. அதற்கும் கீழே, கொலராடோ ஆற்றை ஒட்டி, 170 கோடி ஆண்டுகள் பழைய கரும்பாறை இருக்கிறது. அதன் பெயர் விஷ்ணு! கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ள முகடுகளுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்றெல்லாம் பெயர் சூட்டிய பழக்கத்தின் எச்சம் அது. எனவே பிரைஸில் தொடங்கி, சயான் வழியாக, கிராண்ட் கேன்யனில் முடிக்கும்படி வரிசையை அமைக்க முடியுமா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். பிரைஸின் விளிம்பு 2,400 மீட்டருக்கும் மேல் இருப்பதால், முதல் நாள் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள்.

கிராண்ட் கேன்யனில் இறக்கம் முதலில் வருவதால் கால் ஏமாறும். ஒரு மணி நேரம் இறங்கினால், ஏற இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகப்போக வெயிலும் கூடும். ஆற்றைத் தொட்டுவிட்டு அன்றே திரும்ப முயல வேண்டாம் என்று பூங்காவே எச்சரிக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும் என்பதால், உப்புக்கடலை கையில் இருக்கட்டும்.

எந்த மாதத்துக்குப் பதிவு செய்திருக்கிறார் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கே இடிமழைக் காலம். அதற்குள் என்றால், அக்டோபருக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.