உடையாத எலும்பை எதற்கு அறுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஜூலி ஆறு வயது லேப்ரடார். எடை 41 கிலோ. மொட்டை மாடிப் படியில் இறங்கும்போது 'கீ'ச்சென்று கத்திவிட்டுப் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டாள். மூன்று வாரமாகியும் அந்தக் காலைச் சரியாக ஊன்றுவதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லையாம். முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது, எலும்பை அறுத்துத் திருப்பி பிளேட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உடையாத எலும்பை எதற்கு அறுக்க வேண்டும்? புத்தூர் கட்டுப் போட்டால் போதும் என்கிறார் மாமியார். 'நாய்க்குப் போய் இவ்வளவு செலவா' என்கிறார் கணவர். வலிக்கு, வீட்டில் இருந்த மாத்திரையில் பாதி கொடுக்கிறோம். மயக்க மருந்திலேயே போய்விடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, சேலம்

பதில்: முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. நம் வீட்டு டப்பாக்களில் வழக்கமாகக் கிடப்பது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், பாராசிட்டமால். முதல் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலுக்கு ஆபத்து. ஜூலி வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ இன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டு விழும், பரவாயில்லை. அது தெரியாமல் அவர் வேறொரு வலி மருந்தை மேலே கொடுத்துவிட்டால்தான் வம்பு. மெலாக்சிகாம், கார்புரோஃபென் என்று நாய்களுக்கு எழுதித் தரும் மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து, ரத்தம் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. நாயின் முழங்கால் நம்முடையதைப் போல நிமிர்ந்து நிற்பதில்லை, எப்போதும் மடங்கியே இருக்கும். கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதி பின்பக்கமாகச் சரிந்திருக்கும். பல நாய்களுக்கு இந்தச் சரிவு 25 டிகிரியை ஒட்டி வரும். சரிவில் நிறுத்திய மாட்டு வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைப்போம் அல்லவா, அந்தக் கல்தான் ஜவ்வு. கல் போய்விட்டால் வண்டி உருளும். ஜூலி ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் மேல் எலும்பு சரிவில் நழுவுகிறது, வலிக்கிறது, காலைத் தூக்கிக்கொள்கிறாள். உங்கள் டாக்டர் சொல்லும் ஆபரேஷன் புதுக் கல்லை வைப்பதில்லை, தரையையே சமமாக்குகிறது. எலும்பின் தலையை வளைவாக அறுத்து, சரிவு 5, 6 டிகிரிக்கு வரும்படி திருப்பி, பிளேட்டும் திருகும் போட்டு நிறுத்துவார்கள். அப்புறம் ஜவ்வு இல்லாமலேயே மூட்டு நிற்கும். பார்கிளே ஸ்லோகம் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1993-ல் விரிவாக எழுதி வெளியிட்ட முறை இது. இன்று உலகெங்கும் செய்கிறார்கள்.

ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. டாக்டர் தொடையைப் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை முன்னால் தள்ளிப் பார்த்திருப்பார். நழுவினால் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கட்டு வேண்டவே வேண்டாம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கட்டுப் போட்டு இந்த ஜவ்வு ஒட்டாது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று பாதமே அழுகிவிடலாம்.

வேறு வழி உண்டா? உண்டு. மூட்டுக்கு வெளியே தடிமனான நைலான் இழையால் இழுத்துக் கட்டும் ஆபரேஷன் இருக்கிறது, செலவும் குறைவு. 15 கிலோவுக்கு உட்பட்ட நாய்கள் சில, ஓய்விலும் எடைக் குறைப்பிலுமே ஓரளவு தேறிவிடும். 41 கிலோவை அந்த இழை தாங்குமா என்பதுதான் சந்தேகம். உங்கள் டாக்டர் பக்கம்தான் நானும். ஆனால் இதற்கென்று தனி ரம்பமும் பழகிய கையும் வேண்டும். எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இன்னொருவர் கருத்தும் வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். இது இன்றிரவே செய்ய வேண்டிய அவசர ஆபரேஷன் அல்ல. மாதக்கணக்கில் தள்ளினால் மட்டும் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பும் நசுங்கும், மூட்டுவாதம் ஏறும்.

மயக்க மருந்துக்கு ஆறு வயது ஒரு வயதே இல்லை. நம் ஊரில் நான் பயப்படுவது உண்ணிக் காய்ச்சலுக்குத்தான். வெளியே பார்க்கத் துறுதுறுவென்று இருக்கும், உள்ளே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் இறங்கிக் கிடக்கும். மேசையில் படுக்க வைத்த பிறகு ரத்தம் நிற்காது. ஆகவே சிறுநீரகம், ஈரல் பரிசோதனையோடு ரத்த ஒட்டுண்ணியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் நாளில், டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு வாயில் எதுவும் போகக் கூடாது. 'பாவம், பட்டினியா இருக்கே' என்று யாராவது ஒரு மேரி பிஸ்கட்டை நீட்டுவார்கள். மயக்கத்தில் அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் எடை. பெண் லேப்ரடாருக்கு 32 கிலோவே தாராளம். ஜூலி ஏறக்குறைய 9 கிலோ கூடுதலாகச் சுமக்கிறாள். விலாவைத் தடவிப் பாருங்கள், எலும்பு கையில் படவே படாது. நாய்களுக்கு இந்த ஜவ்வு பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை, நாளாக நாளாக நைந்து கடைசியில் விடுகிறது. அதனால்தான் ஒரு காலில் ஜவ்வு போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலிலும் போகிறது. தயிர் சாதத்தைக் குறைத்து, மேசையடியில் விழும் தோசைத் துண்டை நிறுத்துங்கள். 48 லேப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகத் தின்றவை ஏறக்குறைய 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. இதற்குச் செலவில்லை, மிச்சம்தான். உங்கள் வீட்டுக்காரரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றி அவர் கேட்பதில் தப்பில்லை. பிளேட், மயக்க மருந்து, மருந்து மாத்திரை, மறு எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஆனால் பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருக்கிறது: அதற்குப் பிறகு எட்டு வாரம் வீட்டில் யார் இருப்பார்கள்? ஆபரேஷன் டாக்டருக்கு ஒரு வேளை வேலை, உங்களுக்கு இரண்டு மாத வேலை. ஓட்டம், படி, சோபா எதுவும் கிடையாது. ஒன்றுக்குப் போகவும் கயிற்றில்தான், வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பு, 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பது, எட்டாவது வாரம் எக்ஸ்ரே.

மூன்றாவது வாரம்தான் ஏமாற்றும். வலி குறைந்திருக்கும், எலும்பு கூடியிருக்காது. அழைப்பு மணி அடித்ததும் பாய்வாள். நன்றாக ஊன்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று காலைத் தூக்கினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ டாக்டருக்கு உடனே போன் போடுங்கள்.

தேதி குறிப்பதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். டைல்ஸ் தரையில் அவள் நடக்கும் பாதை முழுக்க ரப்பர் பாயோ பழைய சாக்கோ விரியுங்கள், வழுக்கக் கூடாது. மாடிப்படியின் அடியில் ஒரு தடுப்பு வையுங்கள். உயரம் அவள் தாண்டாத அளவுக்கு இருக்கட்டும்.