கக்கத்து நாத்தத்துக்கு ஆபரேஷன் பண்ணலாமா? பண்ணிக்கிட்டவன் சொல்றேன்

கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கு, என்ன சென்ட் அடிச்சாலும் கக்கத்து நாத்தம் போகல, ஆபரேஷன் பண்ணிரலாமான்னு கேட்டிருக்கீங்க தம்பி.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன். மேல் ரேக்ல சேல எடுக்கக் கையத் தூக்குனா போதும், எதுக்க உக்காந்திருக்க அக்கா பைய முந்தானைய மூக்குக்குக் கொண்டுபோகும், அதுல கூசிப்போயி கடைப்பயலக் கூப்புட்டு எடுக்கச் சொல்லுவேன். இத்தனைக்கும் ரெண்டு வேள குளிக்கிற ஆளு.

வேர்வைக்குன்னு நாத்தமே கிடையாதாம், ஸ்கின் டாக்டர் சொல்லித்தான் தெரியும். வயசுக்கு வந்தப்புறம் கக்கத்துல அப்போக்ரைன்னு ஒரு சுரப்பி வேல செய்ய ஆரம்பிக்குமாம், அது விடுறத தோல்ல இருக்க பாக்டீரியா தின்னுதான் வாடை கிளம்புது. மொதல்ல முடிய எடுத்துட்டு, பாக்டீரியாவக் கொல்ற பென்சாயில் பெராக்சைடு மருந்து போட்டுக் கழுவி, ராத்திரி நல்லாக் காஞ்ச தோல்ல வேர்வைய அடக்குற அலுமினியம் குளோரைடு தடவச் சொன்னாரு. நெறைய பேருக்கு இதுலயே அடங்கிரும், நீங்களும் மொதல்ல இதப் பாருங்க. எனக்கு அரிப்புதான் மிச்சம். வேர்வைய அடக்குற போடாக்ஸ் ஊசியும் இருக்கு, ஆனா சில மாசத்துல பவர் போயிரும், மறுபடி காசு.

ஆபரேஷன்னா கக்கத்து மடிப்புலயே சின்னதாக் கீறி, தோலத் திருப்பி, அதுல ஒட்டியிருக்க சுரப்பியக் கத்திரியால வழிக்கிறாங்க. மரத்துப்போக ஊசி போட்டதால வலி இல்ல, ஆனா காதுக்குப் பக்கத்துலயே நறுக் நறுக்குன்னு சத்தம், கடையில துணி வெட்டுற மாதிரியே. அப்புறம் பஞ்ச உருட்டி மேல வச்சு அமுக்கித் தச்சுருவாங்க, உள்ள ரத்தம் கட்டுனா தோல் கறுத்துச் செத்துரும்னு. கையத் தூக்கவே கூடாதுன்னாங்க. நான் நாலாம் நாளே மாட்டுத்தாவணி பஸ்ல ஏறி, பிரேக் அடிக்கவும் மேல்கம்பியப் புடிச்சுட்டேன், அவ்வளவுதான், வலது பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்குக் கறுத்து, ஆற ஒரு மாசம்.

வாடை முக்கால்வாசி போச்சு, முழுசா இல்ல. தழும்பு இருக்கு, முடி கொஞ்சமாத்தான் மொளைக்குது.

நெஞ்சுக்குள்ள நரம்ப வெட்டுற ஆபரேஷன் ஒண்ணு சொல்வாங்க, அது ரொம்ப வேர்க்குறதுக்கு, நாத்தத்துக்கு இல்ல. அதப் பண்ணுனா முதுகுலயும் தொடையிலயும் கூடுதலா ஊத்த வாய்ப்பிருக்கு, நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு அது தேவையா?

பண்றதுன்னா இப்பவே பிளாஸ்டிக் சர்ஜனப் பாருங்க, கடைசி மாசத்துக்குத் தள்ளாதீங்க, மாலை மாத்தக் கையத் தூக்கணும்ல.