பாலில் மெலமைனைக் காட்டும் தங்கத் தகடு

கேள்வி: நானோ அளவில் மேடுபள்ளம் அமைத்து, தங்கமோ வெள்ளியோ பூசிய தகட்டில் ஒரு துளி பாலை விட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், மெலமைன் (பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் வேதிப்பொருள்) கலந்திருப்பது உடனே தெரிந்துவிடுமாமே? ஆய்வகச் சோதனை இனித் தேவையில்லையா?

பதில்: தகடு காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை, ஆய்வகம் தேவையில்லை என்பதை ஏற்க இயலாது.

ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறுகளின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு அலைநீளம் மாறி வெளிவருகிறது. 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமன் கண்டறிந்த இந்த விளைவைக் கொண்டு மூலக்கூறு எது என்று அடையாளம் காணலாம். ஆனால் அந்த ஒளி மிகவும் மங்கலானது. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், மேற்பரப்பு கரடாக்கப்பட்ட வெள்ளி மின்முனையில் ஒட்டிய பிரிடின் என்ற வேதிப்பொருளிலிருந்து வியப்பூட்டும் அளவுக்கு வலுவான ராமன் ஒளி கிடைத்தது. பரப்பு கூடியதால் மட்டும் இவ்வளவு பெருக்கம் வராது என்பதை 1977இல் இரு குழுக்கள் தனித்தனியே நிறுவின.

உலோகத்தின் கட்டற்ற எலக்ட்ரான்கள் லேசர் ஒளிக்கு ஏற்ப ஒன்றுசேர்ந்து அலைவதால், மேடுகளுக்கு இடையே சில நானோமீட்டர் அகலமே உள்ள இடுக்குகளில் மின்புலம் குவிகிறது. புலம் பத்து மடங்கானால் ராமன் ஒளி ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகும். அந்த இடுக்கில் மூலக்கூறு சிக்கினால்தான் பயன் என்பதையும் மறக்கக் கூடாது.

மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் வழக்கமான சோதனையை ஏமாற்றவே அதைப் பாலில் கலந்தார்கள். 2008இல் சீனாவில் ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. மன்னிக்க முடியாத அந்தக் கொடுமைக்குப் பின், குழந்தைகளுக்கான பால்மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை 2010இல், பன்னாட்டு உணவுத் தரங்களை நிர்ணயிக்கும் கோடெக்ஸ் ஆணையம் வகுத்தது. மெலமைனின் நைட்ரஜன் அணுக்கள் உலோகத்தோடு நன்கு ஒட்டுவதால் இந்த முறைக்கு அது ஏற்ற பொருளே. ஆயினும் பாலை அப்படியே விட்டால் புரதமும் கொழுப்பும் உலோகத்தை மூடிவிடும். அமிலத்தால் புரதத்தைத் திரியவைத்து, மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த நீரையே தகட்டில் இட வேண்டும்.

இடுக்குகள் எல்லாம் ஒரே அகலத்தில் அமைவதில்லை என்பதால், ஒரே தகட்டின் இரண்டு புள்ளிகள்கூட வெவ்வேறு அளவைக் காட்டக்கூடும். வெள்ளிப் பூச்சோ காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். எனவே பல புள்ளிகளில் அளந்து சராசரி கண்டு, ஐயத்துக்குரிய மாதிரிகளை விரைவாகப் பிரித்தெடுக்க இதைப் பயன்படுத்தலாம். வரம்பு மீறியதா என்ற தீர்ப்பை, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் ஆய்வகக் கருவியான நிறை நிறமாலைமானியிடம் விடுவதே முறை.